பீர்க்கங்காய்க்கு முதல் மதிப்பெண்

அலுவலகத்தில் அவருக்கு மார்க்கு வாத்தியார் என்று பெயர். மனைவியின் அப்பா வீட்டில் வெறும் மாப்பிள்ளை. இந்தக் கதையில் அவர் வாங்கிக் கட்டிக்கொள்வதெல்லாம் இரண்டாவது பெயரில்தான் என்பதால், நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு பேட்டரி கம்பெனிக்குத் தொழிற்சாலை கட்ட இடம் தேர்ந்தெடுப்பது அவருடைய வேலை. கார்களுக்கு வைக்கிற பெரிய பேட்டரி. அதைச் செய்ய ஏதோ ஒரு பொட்டல் காடு போதும் என்று நினைத்தால் தப்பு. காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. உள்ளே வேலை செய்கிறவர்கள் விடுகிற மூச்சே அதிகப்படி ஈரம் என்று கணக்குப் போடுகிற தொழில் அது. தரை அதிரக் கூடாது. பக்கத்தில் ரயில் ஓடினால் தகட்டில் தடவுகிற கூழ் ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்துவிடும். மின்சாரம் கண் இமைக்கிற நேரம்கூடப் போகக் கூடாது. தண்ணீர் நிறைய வேண்டும், வெள்ளம் மட்டும் வரக் கூடாது. இவ்வளவு நொள்ளை சொல்கிறவருக்கு ஒரு இடம் அமைவதே பெரிது. மாப்பிள்ளைக்கு மூன்று அமைந்தன.

மூன்றுக்கும் காய்கறிப் பெயர் வைத்தார். கத்தரி, வெண்டை, பீர்க்கு. பேட்டரி கம்பெனி வருகிறது என்று வெளியே கசிந்தால் தரகர்கள் ஈசல் மாதிரி கிளம்பிவிடுவார்கள், அரசியல்வாதிகள் மாலையோடு வந்துவிடுவார்கள் என்பதால், உண்மையான ஊர்ப்பெயரை அலுவலகத்துக்குள்கூட, தன்னிடம்கூட, யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வானத்திலிருந்து எடுத்த படங்கள் பெயரெல்லாம் வெட்டப்பட்டுத்தான் அவர் மேஜைக்கே வரும். பெரிய மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கூட்ட அறையில் உட்கார்ந்து, பீர்க்கங்காயில் நிலத்தடி நீர் எப்படி, கத்தரிக்காய்க்கு ரோடு அகலம் போதுமா என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் பேசுவார்கள்.

அவருடைய இன்னொரு சட்டம் இதைவிடப் பெருமைக்குரியது என்று அவரே நினைத்தார். மதிப்பெண் போடுகிறவன் இடத்தை நேரில் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனசு சாயும். ஒரு மர நிழல் பிடித்துப்போகும், எவனாவது நல்ல காபி கொடுத்துவிடுவான், அப்புறம் மதிப்பெண் கோணிக்கொள்ளும். ஆகவே மண்ணைத் தோண்டுகிறவர் தோண்டுவார், காற்றை அளக்கிறவர் அளப்பார், நிலக்காரர்களிடம் பேசுகிறவர் பேசுவார். மாப்பிள்ளை குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, வந்த விவரங்களுக்கு மதிப்பெண் மட்டும் போடுவார். நாலு பேர் முன்னால் இந்த முறையை விளக்கும்போது அவர் குரலே கொஞ்சம் மாறும். தராசுக்குக் கண் எதற்கு என்று கேட்டுவிட்டு நிறுத்துவார், கைதட்டலுக்கு இடம் விட்டு.

நிலக்காரர்களிடம் பேசுகிறவருக்கு ஒரு கதையும் எழுதிக் கொடுத்திருந்தார். என்ன கம்பெனி என்று கேட்டால் பிஸ்கட் கம்பெனி என்று சொல்ல வேண்டும். பிஸ்கட்டை வெறுக்கிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது? அந்த ஆள் இந்தப் பாத்திரத்துக்குள் அப்படியே இறங்கிவிட்டார். கடையில் பிஸ்கட் வாங்கி, சுற்றியிருக்கும் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளை டின்னில் அடுக்கி, மாதிரி என்று எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். அலுவலகத்திலேயே அவர் பெயர் பிஸ்கட்காரர் என்று ஆகிவிட்டது.

மதிப்பெண் கூட்டிப் பார்த்ததில் பீர்க்கங்காய் மற்ற இரண்டையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. காய்ந்த காற்று, இறுகிய மண், பக்கத்திலேயே உயர் அழுத்த மின்கம்பி. நட்டநடுவில் தட்டையான ஒரு பெரிய மைதானம். அதன்மேல் ஒட்டிக்கொண்ட இரண்டு வட்டங்கள் மாதிரி ஏதோ தடம். மண்காரர் அது பழைய தண்ணீர்த் தொட்டிகளின் அடித்தளமாக இருக்கலாம் என்றார். மாப்பிள்ளையும் அதை ஒப்புக்கொண்டார். மைதானத்தின் ஓரத்தில் நீலக் கூரையோடு ஒரு சின்னக் கட்டடம். தொழிற்சாலையைச் சுற்றி வெறுமையாக விட வேண்டிய பாதுகாப்பு எல்லைக்குள் அது வருவதால், அப்புறப்படுத்த வேண்டிய பழைய கொட்டகை என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

மறுநாள் மதியம் மாமனார் போன் செய்தார்.

இது எப்பேர்ப்பட்ட சம்பவம் என்று புரிய வேண்டுமானால் மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஊர் ஓரத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதிக்குமேல் அவர் பழக்கியவை. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். மாப்பிள்ளை முதல் வாரத்திலேயே காரை வீட்டு வாசல் தண்ணீர்த் தொட்டியில் ஏற்றினார். இரண்டாவது வாரம் அதே தொட்டியில், இந்தத் தடவை பின்பக்கமாக. மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கி, சாவியை வாங்கி, மகள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை என்று எல்லாம் உண்டு. ஆனால் எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் கேட்பதில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் இன்று நேராகப் போன் செய்து, "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்," என்றார். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். தொண்டையைச் செருமி, கேளுங்க மாமா என்றார்.

ஒரு கம்பெனிக்காரர் வந்திருப்பதாக மாமனார் சொன்னார். நம் மைதானத்தைக் கேட்கிறார்களாம். தானும் கொஞ்சநாளாகக் கடையைக் கட்டிவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருப்பதாகவும், மைதானம் போனாலும் வீடு அப்படியேதான் இருக்கும் என்று அவர்கள் உறுதி சொல்வதாகவும், வீடு மட்டும் இருந்தால் தனக்கும் அத்தைக்கும் வேறு ஒன்றும் வேண்டாம் என்றும் விளக்கினார். நாலு தொழிற்சாலையைப் பார்த்த ஆள் நீங்கள், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்றார்.

"என்ன கம்பெனி மாமா?" என்றார் மாப்பிள்ளை, பெரிய மனிதத் தோரணையோடு.

"பிஸ்கட் கம்பெனி."

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். யோசித்துச் சொல்வதாக எப்படியோ சொல்லிப் போனை வைத்தார். பிறகு பீர்க்கங்காய்ப் படத்தை எடுத்து விரித்தார். இரண்டு வட்டமாவது தொட்டியாவது. டிரைவிங் பழகுகிறவர்கள் வருஷக்கணக்காக எட்டுப் போட்டுப் போட்டுத் தேய்ந்த தடம் அது. அதில் கோணலாக விலகிப் போகிற ஒரு கீற்று தன்னுடையதாக இருக்குமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. அந்த நீலக் கூரைக்குக் கீழே ஒவ்வொரு விடுமுறைக்கும் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். அதைத்தான் பழைய கொட்டகை என்று எழுதியிருக்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மாமனார் வீட்டுக்கு எல்லோரும் வாசல் வழியாகத்தான் போகிறோம். வானத்திலிருந்து யார் இறங்குகிறார்கள்? அதுவும் இவர், ஊர் எல்லை வரைக்கும் மனைவி கார் ஓட்ட, பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஆசாமி.

உள்ளதைச் சொன்னால் கம்பெனி ரகசியம் போகும், கூடவே வேலையும் போகும். கொடுங்கள் என்று சொன்னால் வீடு போகும். முதலில் மைதானத்துக்குக் கையெழுத்து வாங்குவது, அப்புறம் பாதுகாப்பு எல்லையைக் காட்டி வீட்டைக் கேட்பது என்பதுதான் திட்டம். அதற்குத் தோதாக, எந்த இடத்திலும் வீடு இருக்குமா என்று யாராவது கேட்டால் இப்போதைக்கு ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லும்படி அவரே எழுதியிருந்தார். இப்போதைக்கு என்ற வார்த்தையை எழுதியபோது தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே புன்னகைத்ததும் ஞாபகம் வந்தது.

கம்பெனியின் இயக்குநர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் அறைவரை நடந்தார். அந்த அம்மா இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகுலுக்கினார். பீர்க்கங்காய்க்கு நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது, இவ்வளவு பாரபட்சமில்லாத ஒரு தேர்வைத் தான் பார்த்ததே இல்லை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள் என்றார். மாப்பிள்ளை நன்றி சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார்.

அடுத்து ஒரு குறுக்கு வழி பார்த்தார். குழுவைக் கூட்டி, பீர்க்கங்காயில் காற்று கொஞ்சம் அதிகமாகவே காய்ந்திருக்கிறதோ என்று இழுத்தார். அதிகமாகக் காய்ந்தால் நமக்கு நல்லதுதானே என்று காற்றுக்காரர் திகைத்தார். மண் ரொம்ப இறுகியிருக்கிறதே என்றார். அதற்குத்தான் நீங்கள் முழு மதிப்பெண் போட்டீர்கள் என்று மண்காரர் நினைவூட்டினார். அப்படியானால் வெண்டைக்காயை இன்னொரு தடவை பார்க்கலாமே என்றார் பரிதாபமாக. வெண்டைக்காயை வெள்ளம் வரும் இடம் என்று காறித் துப்பாத குறையாக ஒதுக்கியவரே அவர்தான். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாம் உண்மையிலேயே உறுதியாக இருக்கிறோமா என்று சோதிக்கத்தான் வாத்தியார் இப்படிக் கேட்கிறார் என்று முடிவு கட்டி, பீர்க்கங்காயை இன்னும் பலமாக ஆதரித்துப் பேசினார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி பல் டாக்டர். மூடிய வாயைத் திறக்க வைப்பது அவள் தொழில். அப்பா உங்களிடம் யோசனை கேட்டாராமே என்று அவள் கேட்டபோது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்து மாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் அப்பா யாரிடமும் கேட்டதில்லை தெரியுமா என்றாள். தெரியும் என்றார். ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். பல்வலி என்று சொல்லித் தொலைத்தார். வேறு எந்த வீட்டிலாவது அந்தப் பொய் எடுபட்டிருக்கும். இங்கே உடனே டார்ச் விளக்கு வந்தது, வாயைத் திறக்க வைத்து எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தாள். வலி பல்லில் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அந்த வார இறுதியில் இருவரும் கிளம்பிப் போனார்கள். மாமனாரைத் தனியாகக் கூட்டிப்போய், காரணம் எதுவும் சொல்லாமல், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று சொல்லித் தள்ளிப்போடுவது மாப்பிள்ளையின் திட்டம். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், நடுக் கூடத்தில், வெள்ளை டின்னை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட்காரர் உட்கார்ந்திருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிஸ்கட்காரரின் முகம் வெளிறியது. ஆனாலும் தொழில் தெரிந்த மனிதர். எழுந்து நின்று, முன்பின் பார்த்திராத ஒருவரைக் கும்பிடுவது போல் கச்சிதமாகக் கும்பிட்டார்.

"இவர்தான் எங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "பெரிய கம்பெனியில இருக்கார். இவர் வந்து கேக்கட்டும்னுதான் உங்களையும் இன்னிக்கே வரச் சொன்னேன்."

சந்தோஷம் என்றார் பிஸ்கட்காரர். எனக்கும் என்றார் மாப்பிள்ளை. மாமனார் தன்னுடைய சாய்வு நாற்காலியை மாப்பிள்ளைக்கு இழுத்துப் போட்டார். அதில் மகள்கூட உட்கார்ந்ததில்லை. பிறகு, வக்கீலைக் கூட்டி வந்தவர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கேள்வி கேட்க ஆரம்பித்தார். தான் எழுதிக் கொடுத்த கதையைப் பற்றி, தான் எழுதிக் கொடுத்த ஆளிடம். பிஸ்கட்டை எப்படிச் செய்வீர்கள் என்றார். பிஸ்கட்காரர் இம்மியும் தடுமாறவில்லை. முதலில் மாவைக் கூழாகக் கரைப்போம், நீளமான தகட்டில் மெல்லிசாகத் தடவுவோம், நீளமான அடுப்பில் காயவைப்போம், அப்புறம் வெட்டி அடுக்கிக் காற்றுப் புகாமல் பொட்டலம் கட்டுவோம் என்றார். மாவு என்கிற ஒரு வார்த்தையைத் தவிர அத்தனையும் பேட்டரி செய்கிற முறை. ஈரம் பட்டால் நமுத்துவிடும், அதனால்தான் இந்த ஊர்க் காற்று பிடித்திருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

தகட்டோடயா சாப்பிடுவார்கள் என்று மாமியாருக்குச் சந்தேகம். உரித்துவிடுவோம் அம்மா என்றார் பிஸ்கட்காரர். இவ்வளவு மெனக்கெட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று மாமியார் டின்னிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் ஒவ்வொரு கேள்விக்கும் மாமனார் மகளைப் பார்த்துத் தலையாட்டினார். எங்கேயோ நாம் இந்த ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டோம் என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். அதைப் பார்க்கப் பார்க்க மாப்பிள்ளைக்குச் சட்டைக் காலர் இறுக்கியது.

கடைசியில் மாமனாரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

பிஸ்கட்காரர் ஒரு வினாடி மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு பாடத்தை ஒப்பித்தார். "இப்போதைக்கு ஒரு மாத்தமும் இல்லைங்க. பிஸ்கட் வாசனைதான் வரும்."

"மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க," என்றார் மாமனார். "நீங்க சரின்னா சரி. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

உருட்டிக்கொண்டு வந்த வாக்கியம் மாப்பிள்ளையின் வாய்வரை வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே. அதையும் சொல்லியிருப்பார். ஆனால் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதம் அவரைச் சொல்ல விடவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனிதர் தன்னை நம்பவில்லை என்பதுதான் மாப்பிள்ளையின் குறை. இப்போது நம்புகிறார் என்பது அதைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது.

"அது பிஸ்கட் கம்பெனி இல்ல மாமா," என்றார். "பேட்டரி கம்பெனி. எங்க கம்பெனி. அந்த பிஸ்கட் கதைய எழுதினது நான்தான். இது நம்ம இடம்னு தெரியாம எழுதினேன், ஆனா எழுதினது நான்தான். மைதானம் போனா வீடும் போகும்."

மாமியார் கையிலிருந்த பிஸ்கட்டை டின்னிலேயே திரும்ப வைத்தார். மாமனார் மெதுவாகப் பிஸ்கட்காரர் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார். சாருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப இவ்வளவு நேரம் உங்க ஆள நீங்களே கேள்வி கேட்டீங்க."

"ஆமா மாமா."

"நல்லாத்தான் கேட்டீங்க," என்றார் மாமனார்.

திட்டியிருந்தால் தேவலை. மாப்பிள்ளைக்கு அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவும் தைரியமில்லை. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று மனைவி கேட்டாள். அப்பா போன் பண்ணிய அன்றிலிருந்து என்றார். அன்றைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேனே என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயம் என்று அவருக்கும் தெரிந்தது.

பிஸ்கட்காரர் நல்ல மனிதர். டின்னை மூடிக்கொண்டே, நான் எதையும் கேட்கவில்லை சார், நீங்களும் எதுவும் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்கு விருப்பமில்லையாம் என்று நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதற்குள் இன்னொரு பொய்யா என்றார் மாமனார் சலிப்பாக. மாப்பிள்ளை போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்து, இயக்குநர் அம்மாவை அழைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. உங்கள் மாமனாரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் நிதானமாகச் சொன்னார்.

"கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வாங்கிட்டீங்கன்னா நீங்க சொன்ன எதையும் நான் கேக்கல. வாங்கலன்னா நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஒருத்தர் இருப்பார்."

பிறகு மாமனார் சட்டைப்பையைத் தடவினார். அங்கே இல்லை. அலமாரி மேல் பார்த்தார், ஜன்னல் கட்டையில் பார்த்தார். பேனா எங்கே வைத்தாய் என்று மாமியாரைக் கேட்டார். அடுப்படிக்குள் போய் மாமியார் ஒரு பேனாவை எடுத்து வந்து கொடுத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிஸ்கட்காரர் கொண்டு வந்திருந்த காகிதங்களை மாமனார் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று விரலால் தேடினார்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. வீடு போனாலும் பரவாயில்லை, இவர் வேலை போகக் கூடாது என்று அந்த மனிதர் யோசிக்காமலே முடிவு செய்துவிட்டார். பாதுகாப்பு எல்லை, மண், காற்று, மின்கம்பி என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்ட ஆளுக்கு, இப்படி ஒன்று அந்த வீட்டுக்குள் இருக்கும் என்று கடைசிவரை தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவர் காகிதத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். "மேடம், நாளைக்கு வரைக்கும் வேண்டாம்," என்று போனைப் பார்த்துச் சொன்னார். "நான் இப்பவே விலகிக்கறேன். இவர் குடுக்கறாரா இல்லையாங்கறதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

அந்த அம்மா ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் போனை அணைத்துவிட்டார். பிஸ்கட்காரர் எழுந்து நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், டின்னை மாமியாரிடம் நீட்டி, இது கடையில் வாங்கியதுதான் அம்மா, நல்ல பிஸ்கட்தான் என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறினார். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொள்வது கேட்டது. மனைவி வந்து மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்றாள். கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் வந்து நின்றாள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சரி. இப்ப நீங்க எந்தக் கம்பெனியும் இல்ல," என்றார். "இப்பச் சொல்லுங்க. குடுக்கலாமா, வேண்டாமா?"

மாப்பிள்ளை நினைத்ததை நினைத்தபடி சொன்னார். உண்மையிலேயே இதைவிட நல்ல இடம் அவர்களுக்குக் கிடைக்காது, அதில் பொய் இல்லை. தொழிற்சாலை வந்தால் ஊரில் நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும், அதுவும் பொய் இல்லை. ஆனால் இந்தக் கூடம், அந்த அடுப்படி, வாசல் எதுவும் இருக்காது, அத்தையும் நீங்களும் வேறு எங்காவது போய்ப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். மூன்று காய்கறிகளுக்கும் மாதக்கணக்கில் மதிப்பெண் போட்டவர், அந்த இடங்களில் இருந்த யாரிடமும் கேட்காத ஒன்றை இப்போது கேட்டார்.

"நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படறீங்க மாமா?"

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியாரும் அவரையே பார்த்தார்.

"இங்கதான்," என்றார் மாமனார்.

"அப்ப குடுக்காதீங்க."

அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. மாமனார் முன்னால் சாய்ந்து மாப்பிள்ளையின் முழங்காலில் கையை வைத்தார்.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு வேலைய விடணுமா மாப்பிள்ளை?" என்றார். திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"விடாம சொல்ல வரல மாமா," என்றார் மாப்பிள்ளை.